பெயர் சொல்லாதவளின் கார்

அன்றைக்கு எங்கள் முற்றத்தில் நின்றவர்கள் இவ்வளவு பேர்.

நான்.

மகள். வங்காலையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கையில் தாய்க்கு என்று கொண்டுவந்த மீன்குழம்புச் சட்டி.

மருமகன். மீன்பிடிக்கிறவர். காற்று, அதனால் அன்றைக்கு அவருக்குக் கடல் இல்லை.

கொழும்பால் வந்த ஐயா ஒருவர். பூநாரை பார்க்க வந்தவர். எங்கள் படலைக்கு முன்னால் அவருடைய வான் வண்டியின் ரயருக்குக் காற்றுப் போய்விட்டது.

அந்த வானின் டிரைவர். ஜாக்கிக்குக் கீழே வைக்கக் கல் தேடிக்கொண்டு நின்றார்.

வேலியோடு ஒரு கழுதை.

என் மனைவி. அவள் நிற்கவில்லை. எங்கள் காருக்குள் இருந்தாள். பின் சீற்றில், இடதுபக்கம்.

அந்த ஐயா தண்ணீர் கேட்டுத்தான் உள்ளே வந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. கிளாஸைக் கையில் பிடித்தபடி கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொட்டிலுக்குள் என் மொறிஸ் மைனர் நின்றது. சாம்பல் நிறம். பக்கத்துக் கதவு ஒன்று மட்டும் கொஞ்சம் வேறு சாம்பல்.

"இது உங்கட காரா ஐயா?"

"ஓம்."

"ஓடுமா?"

"ஓடும்."

"குடுக்கிற யோசனை இருக்கா?"

"இல்லை."

அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. காரைச் சுற்றி வந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். மட்காட்டை விரலால் தட்டினார். பிறகு பின் கதவைத் திறந்தவர் திடுக்கிட்டு ஓரடி பின்னால் வந்தார். தண்ணீர் சேர்ட்டில் ஊற்றுப்பட்டது.

"உள்ளுக்கு ஒரு அம்மா இருக்கிறா."

"என்ட மனுசி" என்றேன்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இதில இடமில்லை தம்பி. வேற கார் பாருங்கோ" என்றாள்.

எல்லோரும் சிரித்தோம். கல் தேடிய டிரைவரும் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு அடங்க, அந்த ஐயா ஒரு தொகை சொன்னார். மகள் சட்டியைக் கீழே வைத்தாள். மருமகன் "திரும்பச் சொல்லுங்கோ" என்றார். அவர் திரும்பச் சொன்னார். அதே தொகைதான். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு அறையும், அதோடு சேர்ந்த குளியலறையும் கட்டலாம். கட்டினாலும் மிஞ்சும். அந்தக் காருக்கு யாராவது அவ்வளவு தருவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கறள் இரும்பு விலைக்குக் கேட்டவர்களைத்தான் எனக்குத் தெரியும்.

"ஞாயிறு வரைக்கும் மன்னார்லதான் நிக்கிறன். யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் ஐயா. நம்பரை மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தக் காரைக் கழுவத்தான் நான் முதலில் மன்னாருக்கு, இந்த உப்புக்குளத்துக்கு வந்தேன். அப்போது அது ஒரு முதலாளியுடையது. கழுவினேன். பிறகு ஓட்டினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கட்டி வாங்கினேன். வாடகைக்கு ஹயர் ஓடித்தான் சீவியம். கலியாணம், செத்தவீடு, பிள்ளைப்பேறு, மடுக் கோயில். எல்லாவற்றுக்கும் போயிருக்கிறது.

அந்தக் காலத்தில் வங்காலையில் ஒரு அம்மாவுக்குக் காலில் புண். கிழமைக்கொரு தரம் மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து மருந்து கட்டவேண்டும். அந்த அம்மாவின் மகள் கூட வருவாள். முதல் நாள் நான் ஏழு ரூபாய் கேட்டேன். அம்மா ஐந்து என்றா. பின் சீற்றில் இடதுபக்கம் இருந்த மகள், "பாவம், கேட்டதைக் குடுங்கோவன் அம்மா" என்றாள். காசை அவள்தான் எண்ணி, ஜன்னல் பக்கம் வந்து குனிந்து, என் கையில் வைத்தாள். புண் ஆறுவதற்கு முதல் நான் ஆள் அனுப்பிப் பெண் கேட்டுவிட்டேன்.

சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெயில் ஓடினோம். மண்ணெண்ணெயில் எஞ்சின் பிடிக்காது. தொடக்கத்துக்கு நாலு சொட்டுப் பெற்றோல் வேண்டும். அவள் மருந்துப் போத்திலில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுவாள். நான் முன்னால் நின்று கைபிடியைச் சுற்றுவேன். ஒரு சொட்டுக் கூடுதலாக விட்டுவிட்டால் நான் ஏசுவேன். அடுத்த தரம் சரியாக விடுவாள்.

இப்போது அவளுக்கு மறதி. சாவி வைத்த இடம் மறக்கிற மறதி அல்ல. முதலில் அடுப்பை மறந்தாள். பிறகு வீட்டை. பிறகு மகளை, ஒருநாள் தெரியும் ஒருநாள் தெரியாது என்று. பிறகு என்னை.

வீட்டுக்குள் என்னைக் கண்டால் பயப்படுவாள். வாசலை மறித்து நின்று, "வீட்டில ஆம்பிளையள் இல்லை. பிறகு வாங்கோ" என்பாள். நான் "சரி" என்று படலைக்கு வெளியே போவேன். கொஞ்ச நேரம் ஒழுங்கையில் நிற்பேன். பின்பக்கத்தால் வந்து உலை வைப்பேன்.

ஒருநாள் மத்தியானம் ஆளைக் காணவில்லை. கடற்கரை, பஸ் ஸ்ராண்ட், கோயில், எல்லா இடமும் தேடினேன். கடைசியில் கொட்டிலுக்குள், காரின் பின் சீற்றில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் முன் கதவைத் திறந்து ஏறினேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவள் பயப்படவில்லை. டிரைவருக்கு யார் பயப்படுவது?

"அண்ணை, இன்னும் வெளிக்கிடேல்லையோ? அம்மா தேடுவா" என்றாள்.

"இந்தா வெளிக்கிடுறன்" என்றேன்.

அன்றிலிருந்து அப்படித்தான். சோற்றைக் குழைத்துக்கொண்டு போய் முன்னால் இருந்தபடி பின்னால் திரும்பி நீட்டுவேன். வாங்கிச் சாப்பிடுவாள். மருந்தும் அப்படித்தான். பெற்றோல் விற்கிற விலைக்குக் காரை வெளியே எடுக்க முடியாது. கொட்டிலுக்குள் நின்றபடியே இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தோம்.

அந்த ஐயா போன பிறகு மகள் சட்டியைத் தூக்கவில்லை. நிலத்திலேயே இருந்தாள்.

"அப்பா, நான் இனிமேல் இப்பிடி வந்து போக ஏலாது. உங்களாலயும் ஏலாது. போன மாதம் கிணத்தடியில ரெண்டு பேரும் விழுந்தது எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?"

விழுந்தது உண்மைதான். அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தோள் போனது.

"எங்கட வீட்டில இருக்கிறது ஒரு அறை. இன்னொரு அறை போடவேணும். அம்மாவுக்குக் குளியலறை உள்ளுக்கே வேணும். ரெண்டு பேரையும் நான் வச்சுப் பாக்கிறன். இந்தக் காரை வச்சு என்ன செய்யப் போறியள்?"

"அவ அதுக்குள்ளதான் சாப்பிடுறா."

"கதிரை ஒண்டு போட்டாலும் சாப்பிடுவா."

"போட்டுப் பாத்தனான்."

மருமகன் இடையில், "மாமா, காரையும் கொண்டுவந்து எங்கட வளவிலயே விடுங்கோவன்" என்றார்.

"விட்டா அறையை ஆர் கட்டுறது? நீங்கள் பிடிக்கிற சூடை மீனோ?" என்றாள் மகள்.

மருமகன் எழும்பிப் போய் வேலியோடு நின்ற கழுதையைக் கலைத்தார்.

மகள் பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். "அவவுக்கு உங்களை ஆரெண்டே தெரியாது அப்பா. காரைத்தான் தெரியுது. அது உங்களுக்கு நல்லாயிருக்கோ?"

"தெரியும்" என்றேன்.

"என்னத்தை வச்சுச் சொல்லுறியள்?"

என்னிடம் பதில் இருந்தது. மகளுக்குச் சொல்கிற பதில் அல்ல.

என் மனைவி ஒருநாளும் என் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த வயதுப் பெண்கள் புருசன் பெயரைச் சொல்லமாட்டார்கள். வீட்டில் "இஞ்சாருங்கோ." வெளியில் "பிள்ளையின்ட அப்பா." அரசாங்கக் கந்தோரில் கேட்டால் மகளை முன்னால் தள்ளிவிடுவாள், "சொல்லு பிள்ளை" என்று. மகள் பேசத் தொடங்குவதற்கு முந்தின காலத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் சொல்லவேண்டும்.

நான் ஒரு புனிதரின் பெயர் கொண்டவன். அந்தப் புனிதரின் சின்னப் படம் ஒன்றைக் காரில், முன் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தேன். சண்டைக் காலத்தில் ஒருமுறை ஆமிக் காவல் சென்றியில் காரை மறித்தார்கள். என்னை இறக்கி, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவளிடம் ஒரு ஆமிக்காரன் போய், "புருசன் பேர் சொல்லு" என்றான். அட்டையில் இருக்கிறதும் அவள் சொல்வதும் ஒன்றா என்று பார்க்கத்தான். அவள் பேசவில்லை. அவன் சத்தம் போட்டான். அப்போதும் பேசவில்லை. அவள் பின் சீற்றிலிருந்து எட்டி, விரலால் அந்தப் படத்தைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். அட்டையைப் பார்த்தான். அவனும் வேதக்காரன், கிறிஸ்தவன் போலிருக்கிறது. சிரித்துவிட்டான். போகச் சொன்னான்.

கொஞ்சத் தூரம் வந்த பிறகு கேட்டேன். "ஒருக்கா வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"சொன்னா உங்களுக்கு ஆயுசு குறையும்."

"உயிர் போற இடத்திலயோ அதைப் பாக்கிறது?"

"உயிர் போற இடமெண்டுதான் பாத்தனான்."

போன வருசம் மறதிக்கு ஒரு டொக்டரிடம் காட்டினோம். சின்னப் பொடியன், நல்ல பொடியன். என்னைக் காட்டி அவளிடம், "அம்மா, இவர் ஆர்? பேரைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். டொக்டரைப் பார்த்தாள். சாறித் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். டொக்டர் ஏதோ எழுதினார். தெரியவில்லை என்றுதான் எழுதியிருப்பார்.

"டொக்டர், எங்கட பெண்டுகள் சொல்லமாட்டினம்" என்றேன்.

"அது அந்தக் காலம் ஐயா" என்றார்.

ஆனால் அந்தக் குனிவை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தெரியாதவன் பெயருக்கு யாராவது வாயைப் பொத்துவார்களா? வாசலில் என்னை மறித்தபோதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு ஒழுங்கையில் நின்றேன். உள்ளே எங்கோ ஒரு இடத்தில் நான் இருக்கிறேன். பெயரைச் சொல்லாதவரைக்கும் நான் அவளுடைய புருசன்தான்.

காரை விற்கலாம் என்று முடிவெடுத்ததும் அதை வைத்துத்தான். நான் அவளுக்குள்ளே இருக்கிறவன் என்றால் கார் எதற்கு? கார் போனாலும் நான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மகளிடம், "ஐயாவுக்குச் சொல்லு. குடுக்கிறன்" என்றேன். மகள் அழுதாள். ஏன் அழுதாள் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஒழுங்கைக்குள் லொறி வராது. அதனால் அடுத்த சனிக்கிழமை நானே காரை வங்காலைக்குக் கொண்டுபோய், மகள் வீட்டு வாசலில் கொடுப்பது என்று பேச்சு. என் மனைவியையும் அதே காரில் கொண்டுபோய் இறக்குவது. அறை கட்டி முடியும்வரை மகளும் மருமகனும் விறாந்தையில் படுப்பதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலையில் பிளேட்டால் சுரண்டி அந்தப் புனிதரின் படத்தை எடுத்தேன். ஒட்டியிருந்த இடத்தில் பழைய நிறம் புதிதாகத் தெரிந்தது. படத்தைச் சேர்ட்டுப் பைக்குள் வைத்தேன். மகள் வந்து தாயைக் குளிப்பாட்டி, சாறி உடுத்தி, காரில் ஏற்றினாள். சாமான்களை ஓட்டோவில் போட்டுக்கொண்டு தான் முன்னால் போனாள்.

"மெதுவா வாங்கோ அப்பா" என்றாள்.

நான் ஏறினேன்.

"அண்ணை, இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

"இந்தா வெளிக்கிடுறன்."

இந்த முறை வெளிக்கிட்டேன். எஞ்சின் பிடித்ததும் அவள் முன் சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காலத்திலும் அப்படித்தான் பிடிப்பாள்.

பஸ் ஸ்ராண்டுக்குக் கிட்ட கழுதைகள் தெருவை மறித்து நின்றன. ஹோர்ன் அடித்தேன். அவை அசையவில்லை.

"இதுகள் ஆரின்ட அண்ணை?"

"ஆரின்டையும் இல்லை."

"குடுத்து வச்சதுகள்" என்றாள்.

பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல். காற்று காரைத் தள்ளியது. நான் மெதுவாகத்தான் போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முந்திக்கொண்டு போனார்கள்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ?"

"கேளுங்கோ."

"நீங்கள் உப்புக்குளம்தானே. அங்க ஒராளைத் தெரியுமோ?"

"ஆரை?"

அவள் என் பெயரைச் சொன்னாள்.

முழுப்பெயர். வாயைப் பொத்தவில்லை. குனியவில்லை. படம் இருந்த இடத்தைப் பார்க்கவும் இல்லை. கடைக்குப் போய் ஒரு சாமானின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். இத்தனை காலத்தில் அந்தப் பெயரை அவள் குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தரம். கட்டுவதற்கு முதல் எங்கேயாவது சொல்லியிருப்பாள். எனக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. கட்டியவள் சொல்லமாட்டாள். சொன்னவள் கட்டாதவள்.

"தெரியும்" என்றேன்.

"அவரும் இப்பிடிக் கார்தான் ஓடுறவராம். என்னைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். அம்மா உன்ட விருப்பம் எண்டிட்டா. எப்பிடி ஆள் அண்ணை?"

"கதைக்க மாட்டான்."

"அது தெரியும். ஊமையோ எண்டு அம்மா கேட்டவ." சிரித்தாள். "குடிப்பாரோ?"

"பெருநாளுக்கு."

"எந்தப் பெருநாளுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"ஆ." கொஞ்சம் யோசித்தாள். "கை நீட்டுவாரோ?"

"இல்லை."

"நல்லாத் தெரியுமோ?"

"நல்லாத் தெரியும். ஏசுவான்."

"ஏசினா ஏசட்டும். கடைசிவரைக்கும் வச்சுப் பாப்பாரோ?"

கியரை மாற்றினேன். மாற்றத் தேவையிருக்கவில்லை. நான் பாப்பன் என்றுதான் வாயில் வந்தது. "அவன் பாப்பான்" என்றேன்.

"அப்ப ஓம் எண்டு சொல்லலாம்" என்றாள்.

பாலம் முடிந்த இடத்தில் காரை ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை நிற்பாட்டவில்லை. இறங்கவும் இல்லை. அந்த இடத்தில் தெரு அகலம். திருப்பலாம். ஒரே வெட்டில் திருப்பிக்கொண்டு உப்புக்குளத்துக்குப் போய்க் கொட்டிலுக்குள் விடலாம். முன்காசு ஒன்றும் வாங்கவில்லை. கையெழுத்தும் வைக்கவில்லை. அந்த ஐயாவுக்கு ஒரு சொல் சொன்னால் போதும்.

விற்கத் துணிந்தது, நான் அவளுக்குள் இருக்கிறேன் என்று நம்பித்தான். அது இல்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்படியானால் கார் வேண்டும். காருக்குள்தான் அவள் எனக்கு ஓம் சொல்கிறாள். ஆனால் ஓம் சொன்னது யாருக்கு? அவளுக்கு இனிமேல்தான் கலியாணம். எனக்கு அது முடிந்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அந்தக் காருக்குள்ளும் நான் இருக்கவில்லை. யாரோ ஒரு அண்ணை இருந்தான்.

கிணற்றடியை நினைத்தேன். தோளை நினைத்தேன். இன்னொரு தரம் விழுந்தால் யார் தூக்குவது?

"ஏன் அண்ணை நிண்டது?"

"சூடாகிட்டுது."

"கெதியாப் போவம். அம்மா வாசலில நிப்பா."

"ஓம்" என்றேன். இடதுபக்கம் பார்த்தேன், வலதுபக்கம் பார்த்தேன். காரை நேரே எடுத்தேன்.

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். வெளியே பார்த்துக்கொண்டு, தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தாள். தண்ணீர் நின்ற இடத்தில் பூநாரைகள் நின்றன. ஓம் சொல்லிவிட்டு வருகிற முகம் அது. அந்தக் காலத்தில் அவள் ஓம் சொன்ன செய்தி ஆள் மூலம்தான் எனக்கு வந்தது. முகத்தை நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்தேன்.

வங்காலையில் மகள் வாசலில் நின்றாள். மருமகன் நின்றார். கொழும்பு ஐயா நின்றார். தெருவில் லொறி, பின்பக்கம் திறந்தபடி நின்றது.

நான் நிறுத்தினேன். மகள் வந்து பின் கதவைத் திறந்து தாயின் கையைப் பிடித்தாள். அவள் இறங்கினாள். சாறியைத் தட்டிச் சரிசெய்தாள். வீட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். "கொஞ்சம் நில்லுங்கோ பிள்ளை" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு, காரைச் சுற்றி என் பக்க ஜன்னலுக்கு வந்தாள். ஒரு கையைக் கதவில் ஊன்றிக் குனிந்தாள். மற்றக் கையால் இடுப்பில் காசு தேடினாள். அங்கே ஒன்றும் இல்லை. தேடிக்கொண்டே இருந்தாள்.

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"எவ்வளவு அண்ணை?" என்றாள்.

"ஏழு ரூபாய்" என்றேன்.